கல்வெட்டு இருப்பின், மொழி

பதினேழாவது கட்டடம்.
நிபோங் திபாலுக்குத் தெற்கே, ஆறு முழங்கை மடக்கும் இடம்.
ஒரு காலத்தில் கச்சேரி,
பிறகு அரிசிக் கிடங்கு,
ஜப்பான்காரன் காலத்தில் சைக்கிள் கொட்டடி,
இப்போது தைரியநாதனின் மோட்டார் பட்டறை.
படிவத்தில் ‘பயன்பாடு’ என்பதற்கு
ஒரு வரிதான் இடம்.

நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி
செம்பனை லாரிகள் கடக்கும்வரை
சாலையோரம் நிற்கிறான் ஃபைசுல்.
தூண் ஆறு. செங்கல், சுண்ணாம்பு.
கூரை பாதி ஓடு, பாதி தகரம்.
நீதிபதி உட்கார்ந்த மேடையில்
பிரித்துப் போட்ட ஹோண்டா ஒன்று
எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வாரம் அளந்தவை வேறு:
ரயில் கேட்காரன் தங்கிய ஒற்றை அறை.
பால் நிறுத்த கொட்டகை,
தராசு தொங்கிய ஆணி மட்டும் மிச்சம்.
கதவில்லாத கள்ளுக்கடை.
மணி இல்லாத மணிக்கூண்டு.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
ஒரு வருடம், ஒரு துரையின் பெயர்.
யார் திறந்துவைத்தார் என்று
கல்லுக்கு நல்ல ஞாபகம்.
யார் சுமந்தார் என்று கேட்டால்
கல்தானே அது.

பின்சுவரில் சாய்த்திருந்த டயர்களை
ஒவ்வொன்றாக உருட்டினார் தைரியநாதன்.
“பாத்துக்கங்க மிஸ். ஆனா எழுதிராதீங்க.”

பச்சைப் பூச்சு உரிந்து,
அதனடியில் மஞ்சள் உரிந்து,
வெள்ளையின்மேல் கறுப்பாக, கொஞ்சமும் கோணாமல்,
தமிழ்:

இவ்விடம் சலம் விடலாகாது.
மீறுவோர்க்குத் தண்டனை.

கட்டடத்தை இரண்டு முறை சுற்றினேன்.
இதே கட்டளை மலாயில் இல்லை,
சீனத்தில் இல்லை, ஆங்கிலத்தில் இல்லை.
தமிழும் வேறெங்கும் இல்லை.
எங்களோடு நேராகப் பேச
அரசாங்கத்திடம் இருந்தது
இந்த ஒரு விஷயம்.

“எங்கப்பா இங்க ஒரு கேஸுக்கு வந்தாரு.
ரெண்டு நாள் நின்னாரு.
துபாசி சொன்னது அவருக்குப் புரியல,
அவரு சொன்னத துபாசி சொல்லல.
இத மட்டும் தானே படிச்சுக்கிட்டாரு.”
துணியில் கை துடைத்தார்.
“அழிச்சிட்டு டயர் விளம்பரம் எழுத விடப்போறேன்.
மாசம் எண்பது வெள்ளி.
நீங்க எழுதிட்டா நான் தொட முடியாதுல்ல?”

முடியாது.
நான் சொல்லவில்லை; அவருக்கே தெரியும்.

குனிந்து பார்த்தேன்.
நூல் பிடித்துப் போட்ட பென்சில் கோடு
இன்னும் இருந்தது.
தண்டனையின் ‘னை’,
நான் பள்ளியில் படிக்காத பழைய ‘னை’,
துதிக்கையை முன்னால் தூக்கி நின்றது.
கூலிக்கு எழுதியவன்தான்.
ஒருவேளை எழுதி முடிக்கும்வரை
அவனும் அடக்கிக்கொண்டிருக்கலாம்.
அப்படியும் அந்த வளைவில்
அவன் அவசரப்படவில்லை.

என்ன எழுதியிருக்கிறது என்று
மலாயில் கேட்டான் ஃபைசுல்,
பேனாவும் கையுமாக.
“சட்டம்” என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டான்.
தைரியநாதன் சிரித்த சிரிப்பில்
ஸ்பானர் நழுவித் தரையில் விழுந்தது.
ஃபைசுலும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

பாதுகாக்க, மாற்ற, அகற்ற
என்று மூன்று கட்டங்கள்.
அலுவலகம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.
எழுத்தின் உயரத்தை மட்டும் அளந்தோம்:
ஒன்பது சென்டிமீட்டர்.
துதிக்கை பதினொன்று.

பிறகு மூன்று பேருமாக
டயர்களைப் பழையபடி உருட்டிச் சாய்த்தோம்.
என் உள்ளங்கையில் ரப்பர்க் கறுப்பு,
சோப்புக்குப் போகவில்லை.

பதினெட்டாவது:
ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
ஒரு பாலத்தின் பாதி.